இலங்கைச் சிறையில் இருப்பவருக்குப் பணம் அனுப்புவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகன் பதுளைச் சிறையில் விளக்கமறியலில் இருக்கிறான். பார்க்கப் போனபோது கைச்செலவுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். காவலர் தடுத்துவிட்டார். இது சரியா? (பசறைப் பகுதித் தாய்)

பதில்: அம்மா, அவர் விதிப்படியே நடந்திருக்கிறார். சிறைக்குள் கைதிகள் கையில் பணம் வைத்திருக்க முடியாது. உள்ளே வரும்போது அவர்களிடம் இருந்த பணமும் பொருட்களும்கூட வாங்கப்பட்டுப் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. ஆகவே பணத்தைச் சிறை அலுவலகத்தில் கொடுத்து, மகனின் பெயரில் வரவு வைக்கும்படி கேளுங்கள். உங்கள் அடையாள அட்டையுடன் வழக்கு இலக்கத்தையும் கொண்டுபோங்கள். நம் தேயிலைத் தோட்டத்துப் பெயர்கள் சிங்களத்தில் எழுதப்படும்போது உருமாறிப் போவதுண்டு என்பதால், நீதிமன்றப் பதிவில் மகனின் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்ல வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். 1877ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம், உங்கள் மகனைப்போல் விளக்கமறியலில் இருக்கும், அதாவது இன்னும் தண்டனை பெறாத கைதி வெளியிலிருந்து உணவு, உடை, படுக்கை ஆகியவற்றைப் பெற இடமளிக்கிறது. அவை சோதிக்கப்பட்ட பின்னரே உள்ளே செல்லும். வீட்டுச் சோற்றையும் ஒரு போர்வையையும் கொண்டுபோனால், அந்த ஆயிரம் ரூபாயை வழக்குச் செலவுக்கு மிச்சம் பிடிக்கலாம்.

கேள்வி: நான் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறேன். தம்பி பிடிபட்ட மறுநாள், சிறையில் வேலை செய்வதாகச் சொல்லி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இருபதாயிரம் அனுப்பினால் தம்பியை அடி விழாமல் பார்த்துக்கொள்வாராம். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம், சகோதரி. அழைத்தவர் மோசடிக்காரராக இருந்தால் பணம் திரும்பி வராது. உண்மையான உத்தியோகத்தராக இருந்தால் அவர் கேட்பது இலஞ்சம். அதைக் கொடுப்பதும் குற்றமே. அந்த இலக்கத்தையும் அழைத்த நேரத்தையும் குறித்துவைத்து, ஊரில் உள்ளவர்கள் மூலம் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். தம்பியை யாரேனும் தாக்கியிருந்தால், அடுத்த வழக்குத் தவணையில் சட்டத்தரணி அதை நீதவானிடம் நேரடியாகச் சொல்லட்டும். உங்கள் பணம் நம்பகமான உறவினரின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும்.

கேள்வி: கசிப்பு (கள்ளச்சாராயம்) வழக்கில் விதித்த அபராதத்தைக் கட்ட முடியாமல் என் கணவர் சிறையில் இருக்கிறார். தீபாவளி முற்பணம் கையில் இருக்கிறது. அவருடைய செலவுக்கு அதைக் கொடுக்க நினைக்கிறேன். (லிந்துலை வாசகி)

பதில்: தயவுசெய்து அதைச் செலவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. சிறையில் பிஸ்கட்டும் சவர்க்காரமும் வாங்குவதற்கு மாதாமாதம் கொடுத்த தொகையைக் கூட்டிப் பார்த்தால், அபராதத்தில் பெரும்பகுதி அதிலேயே போயிருக்கும். அபராதம் கட்டாததற்காக மட்டுமே சிறையில் இருப்பவர், அது கட்டப்பட்டதும் விடுதலை பெற உரித்துடையவர். முழுத்தொகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பகுதியைக் கட்டினால் அந்த விகிதத்துக்கு ஏற்பச் சிறைநாட்கள் குறையும். உதாரணமாக, இருபதாயிரம் ரூபாய்க்குப் பதிலாக மூன்று மாதச் சிறை என்றால், ஆரம்பத்திலேயே பத்தாயிரம் கட்டுபவருக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் மிச்சமாகும். ஏற்கெனவே கழித்த நாட்களும் கணக்கில் சேரும். தண்டனை விதித்த நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்துக்கு நாளைக்கே போய், கட்டவேண்டிய மீதி எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போகும் என்று தயங்க வேண்டாம். அவர் வெளியே வந்தால் வீட்டில் இருவரின் கூலியும் விழும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவதே அதன் பணி.

கேள்வி: கண்டி போகம்பறைச் சிறைக்குப் பணம் அனுப்பலாமா?

பதில்: முடியாது. 1876ஆம் ஆண்டுப் பழைமையுடைய அந்தச் சிறை மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டுவிட்டனர். பேருந்து ஏறுமுன் உறவினர் எங்கே இருக்கிறார் என்பதை நீதிமன்றத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணனுக்காக ரொக்கப் பிணை கட்டினோம். அந்தப் பணம் திரும்ப வருமா?

பதில்: வரும். அவர் தவணை தவறாமல் ஆஜராகிப் பிணை நிபந்தனைகளை மீறாதிருந்தால், வழக்கு முடிந்ததும் பணத்தைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். அதற்குப் பணம் கட்டிய பற்றுச்சீட்டு தேவைப்படும். வழக்கு சில வருடங்கள்கூட இழுபடலாம் என்பதால், லயத்து (தோட்ட வரிசை வீட்டு) கூரை ஒழுகி நனைந்துவிடாதபடி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பிரதி ஒன்றைச் சட்டத்தரணியிடமும் கொடுத்துவிடுங்கள்.