கோலாட்டக்காரிக்கு ரெண்டு இடது கை

கேள்வி: பாட்டி காலத்து கோலாட்ட செட்ல இப்ப ஒரே ஒரு மண்ணு பொம்மைதான் மிச்சம். பரண்லேருந்து இறக்குறப்ப அதோட வலது கையும் மணிக்கட்டோட போயிடுச்சு. பாலிமர் க்ளே (ஓவன்ல வச்சு கெட்டியாக்குற பிளாஸ்டிக் களிமண்) வாங்கி இடது கையில அச்சு எடுத்து பண்ணேன், கட்டைவிரல் தப்பு பக்கம் நிக்குது. ஓடிஜில (சின்ன கரண்ட் ஓவன்) வச்சதுல விரல் நுனி வேற பழுப்பாயிடுச்சு. என்ன பண்ணலாம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கோச்சுக்காதீங்க, படிச்சிட்டு சிரிச்சிட்டேன். இடது கையில அச்சு எடுத்தா இடது கைதாங்க வரும்! செட்ல இன்னொரு பொண்ணு இருந்திருந்தா அவ வலது கையில எடுத்திருக்கலாம், இப்ப அச்சை விட்டுடுங்க. பொம்மையை ஒரு கண்ணாடி முன்னாடி நிறுத்துங்க, உள்ள தெரியுற இடது கை வலது கை மாதிரியே இருக்கும்ல, அதைப் பார்த்து கையாலயே பிடிங்க.

க்ளேயை நல்லா பிசைஞ்சு, தட்டையா ஒரு உள்ளங்கை பண்ணி, பிளேடால மூணு கீறு போட்டா நாலு விரல் பிரியும், ஒவ்வொண்ணையும் உருட்டி கோல் பிடிக்கிற மாதிரி மடக்கிட்டு கட்டைவிரலை மட்டும் தனியா உருட்டி ஒட்டுங்க. நகத்துக்கு ஊசி முனை போதும். கோல் நுழையுற ஓட்டையை சுடுறதுக்கு முன்னாடியே ஒரு அளவு பெருசா குத்திடுங்க. மணிக்கட்டுக்குள்ள மெல்லிசா ஒரு கம்பி சொருகி, 1 செ.மீ. வெளிய நீட்டி விடுங்க, பொம்மை கையில சின்னதா ஒரு துளை போட்டு அதுல இறக்கி பசை வச்சா ஆடாது. தயவு செஞ்சு பொம்மையோட சேர்த்து ஓவன்ல வச்சிடாதீங்க, பழைய பெயின்ட் போயிடும்.

பழுப்பானதுக்கு காரணம் சூடு. நிறைய க்ளே 110லேருந்து 130 டிகிரிக்குள்ள வேகும், உங்க பாக்கெட்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. ஓடிஜி குமிழை மட்டும் நம்பாதீங்க, அது 130ல நிக்கும், உள்ள 150 இருக்கும். ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி உள்ள வச்சுக்கோங்க. டைல்ஸ் துண்டு மேல கார்ன்ஃபிளார் பரப்பி கையைப் படுக்க வச்சு, மேல அலுமினியம் ஃபாயிலைக் கூடாரம் மாதிரி கவுத்துடுங்க, மேல் ராடோட அனல் நேரா விரல்ல அடிக்காது. கருகுற வாடை வந்தா உடனே ஆஃப் பண்ணி ஜன்னலைத் திறங்க, இந்த க்ளே பிவிசிங்கிற பிளாஸ்டிக், புகை நல்லதில்ல. வெளிய எடுத்ததும் தொளதொளன்னுதான் இருக்கும், வேகலைன்னு திரும்ப வைக்காதீங்க, ஆறினாதான் கெட்டியாகும்.

பெயின்ட் அக்ரிலிக்கே போதும். நான் ஒருதடவை அவசரத்துக்கு நெயில் பாலிஷ் பூசி, கொலு முடியுறதுக்குள்ள பிசுபிசுன்னு ஆகி தூசியெல்லாம் ஒட்டிக்கிச்சு.

கேள்வி: பொம்மை முகம் பண்ணி மூணு நாளா மொட்டை மாடி வெயில்ல வச்சிருக்கேன், இன்னும் காயல. க்ளே டூப்ளிகேட்டா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: டூப்ளிகேட் இல்லைங்க, பாலிமர் க்ளே காயவே காயாது, அதுல தண்ணியே கிடையாது. மதுரை வெயிலுக்கும் அசையாது. இறக்கி தூசியைத் துடைச்சிட்டு ஓவன்ல வைங்க.