கர்ல் கம்பைல் செய்யும்போது சி-ஏரெஸ் வேண்டுமா? வாசகர் கேள்விகள்

இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் கருவியின் நூலகம் லிப்கர்ல். அதைச் சொந்தமாகக் கம்பைல் செய்வது பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இந்த முறை முழுவதும் அதற்கே. சர்வரின் பெயரிலிருந்து ஐபி முகவரியைக் கண்டுபிடிப்பதுதான் டிஎன்எஸ் தேடல், அதைச் செய்யும் பகுதி ரிசால்வர். சி-ஏரெஸ் அந்தத் தேடலைக் காத்து நிற்காமல் செய்யும் ஒரு தனி நூலகம். தெரிவுகளின் பெயர்களை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்ட வேண்டிய தெரிவுகளை ஆங்கில எழுத்தில், முன்னால் இரண்டு சிறுகோடு போட்டுத் தட்டுங்கள்.

கொழுந்து மடுவத்தில் நிறுத்த எடையை 4ஜி வழியாக ஆபீஸ் சர்வருக்கு அனுப்பும் புரோகிராம் ஒன்றை சி மொழியில் எழுதியிருக்கிறேன். மழை இறங்கி சிக்னல் போனால் திரை இருபது விநாடி உறைந்துவிடுகிறது. லிப்கர்லை சி-ஏரெஸோடு மறுபடி கம்பைல் செய்தால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா ஐயா? (ஹட்டன்)

அவசரப்படாதீர்கள். முதலில் கர்ல் கட்டளைக்குப் பின் ஒற்றைச் சிறுகோடும் பெரிய வி எழுத்தும் போட்டு ஓட்டுங்கள். வசதிகளின் பட்டியலில் 'ஏசிங்க்டிஎன்எஸ்' இருந்து, முதல் வரியில் சி-ஏரெஸ் இல்லாவிட்டால், பெயரைத் தேடும் வேலை ஏற்கெனவே தனி திரெட்டில்தான் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் தனி ஓட்டம்) நடக்கிறது. இன்றைய கர்லில் அதுதான் இயல்பு நிலை. அப்படியென்றால் உறைவதற்குக் காரணம் வேறு: நீங்கள் 'ஈஸி பெர்ஃபார்ம்' ஃபங்ஷனைத் திரையை ஓட்டும் திரெட்டிலேயே அழைத்திருப்பீர்கள். வேலை முடியாமல் அது திரும்பாது. அடியில் எந்த ரிசால்வர் இருந்தாலும் இதே கதைதான். வேலை முடியும்வரை காத்து நிற்காத 'மல்டி' இடைமுகத்துக்கு மாறுங்கள். முடியாவிட்டால் அனுப்பும் வேலையை வேறு திரெட்டுக்குத் தள்ளுங்கள்.

இருபது விநாடி எங்கிருந்து வருகிறது என்பதும் ஊகிக்கக் கூடியதே. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி ஒரு டிஎன்எஸ் சர்வரின் பதிலுக்கு 5 விநாடி காத்திருக்கும். 2 தடவை முயலும். 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் இரண்டு சர்வர் இருந்தால் 20 விநாடி. அதே கோப்பில் டைம்அவுட்டை 2, அட்டெம்ப்ட்ஸை 1 என்று வைத்தால் 4 விநாடியில் கைவிட்டுவிடும். கூடவே உங்கள் புரோகிராமுக்குள் 'கனெக்ட் டைம்அவுட்'டையும் குறைத்து வையுங்கள். லிப்கர்லில் அதன் இயல்பு அளவு 300 விநாடி, பெயர் தேடும் நேரமும் அதற்குள்தான் அடங்கும்.

சி-ஏரெஸுக்கு இங்கே ஒரு நியாயம் உண்டு. திரெட் முறையில், பாதியில் நிற்கும் தேடலை நிறுத்த முடியாது. ஹேண்டிலை (லிப்கர்லில் ஒரு கோரிக்கையை நடத்தும் பொருள்) மூடும்போது அந்த திரெட் முடியும்வரை காத்திருக்க நேரிடலாம். சி-ஏரெஸ் தேடலை நடுவில் ரத்துசெய்யலாம். ஆனால் இதற்காக மட்டும் என்றால், 7.87.0 பதிப்பில் வந்த 'க்விக் எக்ஸிட்' தெரிவை புரோகிராமுக்குள் வைத்து முதலில் முயன்று பாருங்கள்.

சரி, எனக்கு சி-ஏரெஸ் கட்டாயம் வேண்டும். எப்படிக் கம்பைல் செய்வது? டேட்டாவும் குறைவு. (பண்டாரவளை, மாணவர்)

டேட்டா குறைவென்றால் கிட் களஞ்சியத்தை முழு வரலாறோடு இறக்காதீர்கள். வெளியீட்டு டார் கோப்பு சில எம்பிதான், அதில் கம்பைலுக்கு முன் ஓட்டும் 'கன்ஃபிகர்' ஸ்கிரிப்ட் தயாராகவே இருக்கும். கிட்டிலிருந்து எடுத்தால் முதலில் 'ஆட்டோரீகான்ஃப்' ஓட்ட வேண்டும்.

உபுண்டுவில் 'லிப்சி-ஏரெஸ்-டெவ்', 'லிப்எஸ்எஸ்எல்-டெவ்', 'லிப்பிஎஸ்எல்-டெவ்' மூன்றையும் நிறுவுங்கள். பிறகு கன்ஃபிகரை 'வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்', 'எனேபிள்-ஏரெஸ்' தெரிவுகளோடு ஓட்டுங்கள். 7.77.0 முதல் எந்த டிஎல்எஸ் (மறையாக்க) நூலகம் என்று நீங்களே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கன்ஃபிகர் நின்றுவிடும். கன்ஃபிகருக்குப் பதில் சீமேக் பழக்கம் உள்ளவர்கள் 'எனேபிள்_ஏரெஸ்' மாறியை ஆன் செய்தால் போதும். கன்ஃபிகர் முடிவில் காட்டும் சுருக்கத்தில் ரிசால்வர் வரியைப் படிக்காமல் மேக் போடாதீர்கள்.

நிறுவிய பிறகும் பெரிய வி காட்டும் முதல் வரியில் சி-ஏரெஸ் பதிப்பு எண் இல்லையா? அநேகமாகப் பழைய லிப்கர்லைத்தான் கணினி ஏற்றுகிறது. 'எல்டிடி' ஓட்டி எந்தப் பாதையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். 'எல்டிகான்ஃபிக்' ஒரு தடவை ஓட்டுங்கள். புதியது 'யூஎஸ்ஆர்/லோக்கல்' கீழேயே இருக்கட்டும். சிஸ்டத்தின் லிப்கர்லை அழித்து அதன் மேல் எழுதினால், அதை நம்பியிருக்கும் மற்ற மென்பொருள்கள் உடையலாம்.

சி-ஏரெஸுக்கு மாறியதும் ஸ்டோரில் உள்ள ராஸ்பெரி பையின் '.லோக்கல்' பெயர் கிடைக்கவில்லை. பிங் மட்டும் போகிறது. (தலவாக்கலை)

எதிர்பார்க்க வேண்டியதுதான். '.லோக்கல்' பெயர்களைக் கண்டுபிடிப்பது அவாஹி போன்ற எம்டிஎன்எஸ் (உள் நெட்வொர்க்குக்குள் மட்டும் பெயர் தேடும்) ஏற்பாடு. அது ஜிலிப்சியின் என்எஸ்எஸ் என்ற பெயர் தேடும் அமைப்பு வழியாக வருகிறது. பிங் அந்த வழியில் போகிறது. சி-ஏரெஸ் அதைச் சுற்றிக்கொண்டு டிஎன்எஸ் சர்வரை நேரடியாகக் கேட்கிறது. ஆனால் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பை அது படிக்கும். ரவுட்டரில் ராஸ்பெரி பைக்கு நிலையான ஐபி கொடுத்து, பெயரை அந்தக் கோப்பில் எழுதிவிடுங்கள்.

சி-ஏரெஸ் போட்டால் டிஎன்எஸ் வேகமாகுமா? (நுவரெலியா)

ஆகாது. பதில் வர எடுக்கும் நேரம் அதேதான், காத்திருக்கும்போது மற்ற வேலை நடக்கும், அவ்வளவே. வேகம் வேண்டுமென்றால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது ஹேண்டில் உருவாக்காமல் பழையதையே பயன்படுத்துங்கள். பெயர்கள் இயல்பாக 60 விநாடி நினைவில் இருக்கும், இணைப்பும் மீளப் பயன்படும். நூற்றுக்கணக்கான பெயர்களை ஒரே நேரத்தில் தேடுபவருக்கும், 'டிஎன்எஸ்-சர்வர்ஸ்' தெரிவால் தனி சர்வரைக் குறிப்பிட வேண்டியவருக்கும்தான் சி-ஏரெஸ் உண்மையில் பயன். அந்தத் தெரிவு சி-ஏரெஸ் இல்லாத கர்லில் வேலை செய்யாது.

நோட் ஜேஎஸ்ஸில் எழுதுகிறேன். எனக்கும் இது தேவையா? (பதுளை)

நோட்டுக்குள்ளேயே சி-ஏரெஸ் இருக்கிறது. ஆனால் 'டிஎன்எஸ்.ரிசால்வ்' போன்ற ஃபங்ஷன்கள்தான் அதைப் பயன்படுத்தும். எச்டிடிபி கோரிக்கைகள் இயல்பாகப் போவது 'டிஎன்எஸ்.லுக்கப்' வழியாக, அது நோட்டின் அடியில் உள்ள லிப்யூவி நூலகத்தின் திரெட் குழுவில் ஓடுகிறது. குழுவில் இயல்பாக 4 திரெட்தான். பெயர் தேடலுக்கு அதில் பாதியைத்தான் லிப்யூவி ஒரே நேரத்தில் விடும். பதில் வராத இரண்டு பெயர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டால், அடுத்த பெயர் தேடல்கள் வரிசையில் நிற்கும். 'யூவி திரெட்பூல் சைஸ்' சூழல் மாறியை உயர்த்துங்கள்.

ஆண்ட்ராய்டு ஆப்பில் சி-ஏரெஸோடு கம்பைல் செய்த லிப்கர்லுக்கு எந்தப் பெயரும் கிடைப்பதில்லை. (மஸ்கெலியா)

ஆண்ட்ராய்டு 8 முதல், டிஎன்எஸ் சர்வர் முகவரிகளைப் பழைய சிஸ்டம் ப்ராப்பர்ட்டி வழியாக ஆப்களால் படிக்க முடியாது. 'கனெக்டிவிட்டி மேனேஜரை' ஜாவா பக்கத்திலிருந்து எடுத்து சி-ஏரெஸின் ஆண்ட்ராய்டு தொடக்க ஃபங்ஷனுக்குக் கொடுக்க வேண்டும். நெட்வொர்க் நிலையைப் பார்க்கும் அனுமதியும் மேனிஃபெஸ்டில் வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால், திரெட் ரிசால்வரோடு மறுபடி கம்பைல் செய்யுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.