கணினி கேள்வி-பதில்: அழிக்கட்டுமா என்று கேட்கிறது, என்ன செய்வது?

கேள்வி: வீட்டில் ஒரே மடிக்கணினிதான். விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். எல்லோருடைய கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன. லினக்ஸ் இயங்குதளம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள்ளேயே ஒரு பாவனைக் கணினியை, அதாவது மெய்நிகர் கணினியை, ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் நிறுவ ஆரம்பித்தேன். நடுவில் ‘வட்டை அழித்துவிட்டு நிறுவவா?’ என்று கேட்டது. பயத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டேன். அழுத்தலாமா?

பதில்: தாராளமாக அழுத்துங்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. மெய்நிகர் கணினி எதுவும் இல்லாமல் நேரடியாக இரண்டாவது இயங்குதளம் போடப் போய், இதே கேள்வி வந்த இடத்தில் தவறான வரியைத் தேர்ந்தெடுத்து, சில வருடப் புகைப்படங்களை ஒரே நொடியில் தொலைத்தவன் நான். அதன் பிறகு விர்ச்சுவல்பாக்ஸில் முதல்முறை அந்தத் திரை வந்தபோது, ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அது கேட்பது உங்கள் மடிக்கணினியின் வட்டை அல்ல. மெய்நிகர் கணினியை உருவாக்கும்போது ‘வட்டு எத்தனை ஜிபி?’ என்று ஒரு கட்டம் வந்திருக்கும், நினைவிருக்கிறதா? அப்போது விண்டோஸில் விடிஐ என்ற பின்னொட்டோடு ஒரு கோப்பு உருவானது. அந்த ஒரு கோப்பைத்தான் உள்ளே இருக்கும் லினக்ஸ் முழு வட்டு என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு வெளியே வட்டு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். மின்ட் நிறுவுவதற்கு முன்பே முழுத் திரையோடு ஓடுமல்லவா, அப்போது மெனுவில் ‘டிஸ்க்ஸ்’ என்ற கருவியைத் திறங்கள். வட்டின் பெயர் ‘விபாக்ஸ் ஹார்ட்டிஸ்க்’ என்று இருக்கும். நீங்கள் 25 ஜிபி கொடுத்திருந்தால் அங்கே 27 ஜிபி என்று காட்டும். ஓரிடத்தில் 1024-ஆல் பெருக்குகிறார்கள், இன்னோரிடத்தில் 1000-ஆல். அவ்வளவுதான் வித்தியாசம். இந்தப் பெயரைப் பார்த்துவிட்டால் கை நடுங்காது.

ஒன்றில் மட்டும் கவனம். ‘பகிர்ந்த கோப்புறை’ வசதியில் விண்டோஸ் கோப்புறையை நீங்களே உள்ளே திறந்துவிட்டால், அங்கிருந்து அழிப்பது நிஜமாகவே அழியும். பழகும்வரை அந்தக் கதவைத் திறக்காதீர்கள்.

ரேம் விஷயத்தில் 8 ஜிபி-யில் 3 ஜிபி கொடுங்கள். மின்ட் குறைந்தது 2 ஜிபி ரேமும் 20 ஜிபி வட்டும் கேட்கிறது. பாதிக்கு மேல் கொடுத்தால் விண்டோஸ் மூச்சுத் திணறும், அதன் மேல் ஓடும் லினக்ஸும் சேர்ந்து திணறும்.

கேள்வி: லினக்ஸ் ஓடுகிறது. ஆனால் ஒரு மெனு திறக்கவே மூன்று எண்ணலாம். ஜன்னலின் அடியில் பச்சையாக ஓர் ஆமைப் படம் வேறு தெரிகிறது. கிண்டல் செய்கிறார்களா?

பதில்: கிண்டல் இல்லை, நிஜமாகவே தகவல் சொல்கிறார்கள்! ஒரே பிராசஸரை இரண்டு இயங்குதளங்கள் பங்கிட உதவும் வசதியை இன்டெல் 2005-இல் தன் பிராசஸரிலேயே சேர்த்தது; அடுத்த வருடம் ஏஎம்டி. அந்த வசதியை விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாகக் கையில் எடுத்தால் வேகம். ஆனால் இப்போதைய விண்டோஸ், ஹைப்பர்-வி என்ற தன் சொந்த மெய்நிகர் கணினி ஏற்பாட்டுக்காக அதை முதலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் அதனிடம் கேட்டுக் கேட்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஆமை வருவது அப்போதுதான்.

ஆமையை விரட்ட, விண்டோஸ் வசதிகள் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டின் டிக்கையும் எடுக்க வேண்டும். பாதுகாப்பு அமைப்பில் ‘மெமரி இன்டக்ரிட்டி’யையும் அணைக்க வேண்டியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது தீங்கு மென்பொருளுக்கு எதிரான காவல். வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் வாசல் காவலை எடுப்பதா? நான் ஆமையோடு சமாதானமாகப் போய்விட்டேன். பிராசஸரின் இரண்டு கோர்களை மெய்நிகர் கணினிக்குக் கொடுத்து, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரையமைப்புள்ள மின்ட்டைப் போட்டதும் பொறுத்துக்கொள்ளும் வேகம் வந்துவிட்டது.

கேள்வி: சுட்டி அந்த ஜன்னலுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கிறது.

பதில்: விசைப்பலகையில் வலப்பக்க கண்ட்ரோலை ஒரு தட்டு தட்டுங்கள். உங்கள் மடிக்கணினியில் வலப்பக்க கண்ட்ரோலே இல்லையென்றால், விர்ச்சுவல்பாக்ஸ் விருப்பங்களில் வேறு விசைக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ என்ற விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளை உள்ளே இருக்கும் லினக்ஸில் நிறுவிவிடுங்கள். சுட்டி தடையில்லாமல் வந்து போகும். திரையும் ஜன்னல் அளவுக்கு விரியும்.

கேள்வி: ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால் தனியாக பேக்கப் தேவையில்லைதானே?

பதில்: தேவை. ஸ்னாப்ஷாட் என்பது ‘இந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போ’ என்ற அடையாளக்குறி. ஏதோ ஒரு டிரைவரை நோண்டி மெய்நிகர் லினக்ஸின் திரை கறுத்துப்போனபோது, பெருமையாக ஒரு வாரத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன். திரை வந்தது. அந்த ஒரு வாரத்தில் உள்ளேயே உட்கார்ந்து எழுதிய மூன்று கட்டுரைகளும் போயின. இயங்குதளம் மட்டும் பின்னால் போகும், கோப்புகள் இருந்த இடத்தில் இருக்கும் என்று எப்படித்தான் நினைத்தேனோ! அதோடு, எல்லா ஸ்னாப்ஷாட்டும் அடிப்படையான அந்த விடிஐ கோப்பின் மேல்தான் நிற்கின்றன. அது கெட்டால் எல்லாமே போச்சு. முக்கியமானதை வேறு வட்டில் நகல் எடுங்கள்.

கேள்வி: மூன்று மாதம் பழகிவிட்டேன், பிடித்திருக்கிறது. இனி நேரடியாகவே லினக்ஸ் போட்டுவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். மூன்று மாதமாக நீங்கள் பார்த்த லினக்ஸ், உங்கள் வைஃபை கருவியை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. விண்டோஸ் பிடித்த இணைப்பை, விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு கம்பி இணைப்பு போலக் காட்டிக்கொண்டிருந்தது. திரை அட்டையும் பாவனைதான். மடிக்கணினியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, ஒலி வருகிறதா என்பதெல்லாம் இனிமேல்தான் தெரியும். மின்ட் நிறுவப் பயன்படுத்திய அதே ஐஎஸ்ஓ கோப்பை ஒரு யுஎஸ்பி-யில் எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே ஒரு மாலை ஓட்டிப் பாருங்கள். அன்று ‘அழித்துவிட்டு நிறுவு’ என்ற அதே திரை வந்தால் மட்டும் நிஜமாகவே பயப்படுங்கள். அங்கே ‘விபாக்ஸ்’ என்ற பெயர் இருக்காது.