750 கிலோ வண்டியில் 60 கேன் ஏற்றலாமா?

கேள்வி: தண்ணீர் கேன் சப்ளை செய்கிறேன். இதுவரை மூன்று சக்கர லோடு ஆட்டோ. இப்போது 750 கிலோ ஏற்றும் புது மினி டிரக் புக் செய்திருக்கிறேன், டெலிவரிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தபோது சில குறைகள் தெரிந்தன. கேபினில் சூடு, சீட்டைச் சாய்க்க முடியவில்லை, ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் எதுவும் தெரியவில்லை, லோடு பாடியின் பக்கத் தகடும் தாழ்வாக இருக்கிறது. ஷோரூமிலேயே பாடி கட்டும் பட்டறை ஒன்றின் நம்பரைக் கொடுத்தார்கள். பின் ஸ்பிரிங்கில் இரண்டு பிளேட் சேர்த்து, இரண்டு அடுக்குக் கூண்டு கட்டினால் 60 கேன் ஏற்றலாம், ஆர்டிஓ ஆபீஸ் வேலையை எங்கள் ஆளே பார்த்துக்கொள்வார் என்கிறார் பட்டறைக்காரர். பெர்மிட்டுக்கும் பேட்ஜுக்கும் செலவு தனியாம். செய்யலாமா சார்?

பதில்: செய்யாதீர்கள். பிளேட்டும் வேண்டாம், இரண்டு அடுக்குக் கூண்டும் வேண்டாம். நல்லவேளை, டெலிவரி எடுப்பதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை வண்டி கவிழ்ந்த பிறகு என்னிடம் கேட்டவர்கள்தான் அதிகம். விபத்து வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் நான். பட்டறையில் என்னென்ன செய்தார்கள் என்பதை, வண்டி பக்கவாட்டில் சாய்ந்து அடிப்பாகம் வெளியே தெரியும்போதுதான் பார்க்கிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் குறைகள் எல்லாம் உண்மைதான், அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. உங்கள் தொழிலுக்கு இந்த வண்டி சின்னது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ. வெறும் கேன் முக்கால் கிலோ என்று வையுங்கள். 60 கேன் 1,245 கிலோ ஆகிறது. வண்டியோ 750 கிலோவுக்கு. சரி, 750 கிலோவுக்கு 36 கேனாவது ஏறுமே என்று நினைப்பீர்கள். அதுவும் ஏறாது. ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், இரண்டு எடைகள் இருக்கும்: வண்டியின் காலி எடை, அனுமதித்த மொத்த எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. காலி எடையில் டிரைவரும் உதவியாளரும் சேர்த்தி இல்லை, மோட்டார் வாகனச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. கழித்து 750 வருகிறது என்றால், அதில் நீங்களும் கேன் இறக்கும் பையனும் சேர்ந்து 140 கிலோ போய்விடும். இரும்பு ஆங்கிளில் அடித்த கூண்டு 80 கிலோவாவது இருக்கும். மிச்சம் 530. அதாவது 25 கேன். பட்டறைக்காரர் 60 என்கிறார்.

பிளேட் சேர்த்தால் வண்டி தாங்கும் என்பது அவர்கள் வாதம். ஸ்பிரிங் தாங்கும், உண்மைதான். வண்டி என்பது ஸ்பிரிங் மட்டுமா? பிரேக், ஆக்சில், வீல் பேரிங், சேசிஸ், டயர் எல்லாமே அந்த மொத்த எடைக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. டயரை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்திலேயே 86/84 என்பதுபோல ஓர் எண் இருக்கும். 86 என்றால் ஒற்றையாக மாட்டிய அந்த டயர் தாங்கும் அதிகபட்ச எடை 530 கிலோ. பின்னால் இரண்டு டயர், ஆக 1,060 கிலோ. வண்டியின் பின்பாதியும் சரக்கின் பெரும்பங்கும் இதற்குள் அடங்க வேண்டும். பட்டறையில் எத்தனை பிளேட் அடித்தாலும் இந்த எண் மாறாது. ஓவர்லோடில் வெயில் நேரத்தில் டயர் வெடிப்பது இதனால்தான்.

பிரேக் விஷயம் இன்னும் மோசம். இது கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் புரிந்துகொள்ள முடியும். லோடு இல்லாதபோது பின் சக்கரத்துக்கு முழு பிரேக் கொடுத்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் வழுக்கும். அதனால் பல சிறிய சரக்கு வண்டிகளில் பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு சின்ன வால்வு வைத்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலோடு இணைந்திருக்கும். லோடு ஏறி பின்பக்கம் தாழ்ந்தால் கம்பி அசையும், வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். லோடு இறங்கி வண்டி உயர்ந்தால் அழுத்தத்தைக் குறைக்கும். வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்துத்தான் அது எடையை அறிகிறது. இப்போது இரண்டு பிளேட் சேர்க்கிறீர்கள். ஒன்றேகால் டன் ஏற்றினாலும் வண்டி சரியாகத் தாழாது. லோடு குறைவாகத்தான் இருக்கிறது என்று வால்வு எடுத்துக்கொள்ளும். பிரேக் எப்போது முழுதாக வேண்டுமோ அப்போது பின் சக்கரத்துக்குக் குறைந்த பிரேக்கே போகும். மிதிக்கிறவருக்கு வண்டி நிற்காமல் இழுத்துக்கொண்டு போவது மட்டும்தான் தெரியும்.

ஒரு வண்டி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வளைவில் கவிழ்ந்து கிடந்தது, வாங்கி ஐந்து மாதம். மற்ற பாகமெல்லாம் புழுதி படிந்திருக்க, ஸ்பிரிங்கைக் கட்டிப் பிடிக்கும் யூ-போல்ட்டின் மரை மட்டும் பளபளவென்று இருந்தது. பிளேட்டுகளை விரலால் எண்ணினேன், கம்பெனி கொடுத்ததைவிட இரண்டு அதிகம். மேலடுக்குக் கூண்டின் வெல்டிங் விட்டுப்போய்க் கிடந்தது. அந்த மேலடுக்குதான் வண்டியைக் கவிழ்த்தது. கால் டன் எடையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு திரும்பினால், குறுகலான சக்கர இடைவெளியுள்ள வண்டி என்ன செய்யும்? டிரைவர் பிழைத்துக்கொண்டார், கால் போனது. எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன பட்டறைக்காரர் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. சரக்கு பக்கவாட்டிலோ உயரத்திலோ அனுமதித்த அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கே தனியாக 20,000. வண்டியைக் கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து மாற்றுவதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பட்டறைக்காரருக்கு அல்ல, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. அப்புறம் இன்சூரன்ஸ். ஓவர்லோடு என்று தெரிந்தால் உங்கள் வண்டிக்கான நஷ்டத்தில் 75 சதவீதத்துக்குள் முடிப்பார்கள், சில நேரம் மொத்தமாகவே மறுப்பார்கள். நான் பார்க்கும் வண்டியில் கூடுதல் பிளேட் இருந்தால் அதை அறிக்கையில் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், கடன் வாங்கி வண்டி எடுத்த குடும்பம் அது.

ஆர்டிஓ வேலையைப் பார்த்துக்கொள்ளும் 'எங்கள் ஆள்' யார் தெரியுமா? ப்ரோக்கர். அவர் செய்வது இதுதான்: எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கான சோதனைக்கு, முந்தின நாள் பிளேட்டையும் கூண்டையும் கழற்றுவது, காட்டிவிட்டு வந்ததும் திரும்ப மாட்டுவது. புது சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் எஃப்சி, அதன் பிறகு ஆண்டுதோறும். இரண்டு ஆண்டில் ஒரே ஒரு காலைப்பொழுது வண்டி ஒழுங்காக இருந்தால் போதும் என்று ஒரு முறையை வைத்திருக்கிறோம். கழற்றி மாட்டுவது ஊருக்கே தெரியும். எந்தப் பட்டறை செய்கிறது என்று கேட்டால் டீக்கடையில்கூடச் சொல்வார்கள். பட்டறையைப் போய்ப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, சாலையில் வண்டிக்காரரை நிறுத்த மட்டும் நேரமிருக்கிறது. ஷோரூம்காரர்களே அந்த நம்பரைக் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியை 750 கிலோ என்று பில் போட்டுக் கொடுத்துவிட்டு, 1,250 ஏற்ற வழியையும் அவர்களே காட்டுகிறார்கள்.

பேட்ஜ், அதாவது வாடகை, சரக்கு வண்டி ஓட்ட லைசென்ஸில் தனியாகச் சேர்க்கும் அனுமதி; அதன் செலவுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கார் ஓட்டும் எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் இருந்தால், மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம். 2024 நவம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தண்ணீர் கேன் வண்டிக்கு இது போதும்.

பெர்மிட் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, 66-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. இங்கே மொத்த எடை என்றால் ஆர்சியில் எழுதியிருக்கும் எடை. அன்றைக்கு நீங்கள் ஏற்றியிருக்கும் எடை அல்ல, வண்டி ஏற்றக்கூடிய சரக்கின் எடையும் அல்ல; வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்ந்தது. 'ஒன்றரை டன் வண்டி' என்று பேச்சில் சொல்வதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். ஒன்றரை டன் ஏற்றும் வண்டியின் மொத்த எடை 3,000-க்குக் கொஞ்சம் கீழேயும் இருக்கலாம், மேலேயும் இருக்கலாம். சில மாடல்களில் மொத்த எடை 2,990 கிலோ என்று நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்தப் பத்து கிலோ எதற்காக விட்டது என்று இப்போது புரிந்திருக்கும். நீங்கள் புக் செய்திருக்கும் வண்டி 3,000-க்கு வெகு கீழே. அதற்குப் பெர்மிட் செலவு என்று யார் கேட்டாலும் அது ஏமாற்று. பெர்மிட்தான் வேண்டாமே ஒழிய எஃப்சி, இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று எல்லாம் வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் 'எதுவுமே தேவையில்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் 60 கேனுக்கு என்ன வழி? கேனின் அகலம் சுமார் 27 சென்டிமீட்டர். ஒன்பது அடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் உள்ள தளத்தில் வரிசைக்குப் பத்தாக ஆறு வரிசை, 60 கேனும் ஒரே அடுக்கில் நிற்கும். கூண்டே வேண்டாம். எடை 1,245, ஆட்கள் 140, ஆக 1,385. காலி எடையைக் கழித்தால் 1,400 கிலோவாவது வரும் வண்டியைத் தேடுங்கள். மஹிந்திரா பொலேரோ பிக்-அப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா வரிசைகளில் மாடலுக்கு மாடல் எடை மாறும். பெயரை விட்டுவிட்டு எடையைப் பார்த்து எடுங்கள். புக்கிங்கை மாற்ற முடியுமா என்று இன்றே கேளுங்கள். தெருக்கள் குறுகல், சின்ன வண்டிதான் சரிப்படும் என்றால் இதையே எடுத்து, கூண்டில்லாமல் நடைக்கு 29 கேன், இரண்டு நடையில் 58. டீசல் கூடுதலாகும். ஆனால் ஐந்து வருடக் கடன் முடியும்வரை வண்டி உங்களிடம் இருக்கும்.

இனி நீங்கள் சொன்ன குறைகள். சூட்டுக்குக் காரணம், இந்த அளவு வண்டிகள் பலவற்றில் இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதுதான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம். ஆனால் அது மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும். நாளெல்லாம் தெருத்தெருவாக நின்று நின்று ஓட்டி, காற்றே படாமல் இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன வண்டிக்காரருக்கு அந்த விதி இல்லை. அவருக்கும் உடம்பு வேர்க்கும்தானே? ஏசி உள்ள மாடல் கிடைத்தால் காசு பார்க்காமல் எடுங்கள். வெளியில் மாட்டும் ஏசி வேண்டாம், சின்ன இன்ஜின் இழுக்காது. சீட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்பு, டேஷ்போர்டில் ஒரு சின்ன ஃபேன் போதும். ரிவர்ஸ் கேமரா தாராளமாக வைக்கலாம், ஆனால் ஒயரை வெட்டி ஒட்டாமல் கப்ளரில் சொருகச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டிய ஒயரால் எரிந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். பக்கத் தகடு தாழ்வு என்பதற்கு, தளத்தில் ரப்பர் விரிப்பும், கேன் வரிசைகளை இறுக்க ராட்செட் பெல்ட்டும் போதும்.

எனக்கென்று ஓர் ஆசை உண்டு. ஏற்றிய எடையை டேஷ்போர்டில் கிலோவில் காட்ட வேண்டும். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 என்ற பிக்-அப் வண்டியின் 2021 மாடலில் எடை காட்டும் வசதி வந்துவிட்டது. அங்கே பலர் சொந்த வீட்டுச் சாமான் ஏற்றுகிறார்கள். இங்கே ஒவ்வொரு கிலோவையும் காசாக்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பவரிடம், கண்ணளவில் ஏற்றிக்கொள் என்று வண்டியைக் கொடுக்கிறோம்.

டெலிவரி அன்று ஷோரூமில் படிவம் 21, அதாவது விற்பனைச் சான்றை வாங்கி, காலி எடையும் மொத்த எடையும் நீங்கள் கேட்ட மாடலுடையதுதானா என்று சாவியைக் கையில் வாங்குவதற்கு முன் பாருங்கள். பின் ஸ்பிரிங்கின் பிளேட்டுகளையும் எண்ணி, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.