கம்பி நீட்டி விட்ட வீடு

அன்புள்ள ஐயா,

மதுரையை அடுத்த திருமங்கலம் பக்கம் எங்களுக்கு ஐந்து சென்ட் மனை இருக்கிறது. தை மாதம் வேலையைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். வெயில் வருஷா வருஷம் ஏறுகிறது, மழை பெய்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. பூமியைக் கெடுக்காத, பின்னால் தேவைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்கிற மாதிரியான வீடு கட்ட ஆசை. யூடியூபில் பார்த்துவிட்டு, நம் மனை மண்ணிலேயே சுவர் எழுப்பலாம் என்றேன். கரையான் வரும் என்கிறாள் மனைவி. அப்பாவோ, "பில்லர் போட்டு, மேலே கம்பி நீட்டி விட்டுக் கட்டு, காலத்துக்கும் நிற்கும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அப்பா பேச்சைப் பாதி கேளுங்கள். மொட்டைமாடியில் துருத்திக்கொண்டு நிற்கும் கம்பிகளைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதைப் பார்த்தால் பிரியம்தான். மகனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு போர்ஷன், மாடிப்படியை வெளியே வைத்துவிட்டால் மகன் வேலைக்காக வேறு ஊர் போனாலும் வாடகைக்கு விடலாம் என்று, நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத குடும்பம் வீட்டுக்குள் விட்டுவைக்கிற இடம் அது. நீங்கள் கேட்கிற 'மாற்றிக்கொள்கிற வீடு' இதுதான்.

ஆனால் நான் மதுரை நரிமேட்டில் 1994-ல் கட்டியபோது நீட்டி விட்ட கம்பியை அப்படியே வெயிலிலும் மழையிலும் விட்டேன். பன்னிரண்டு வருஷம் கழித்து தம்பிக்காக மேலே எழுப்பலாம் என்று போய்ப் பார்த்தால் பாதி துருவாகி உதிர்கிறது. கம்பியைச் சுற்றி சிமெண்ட் குறைவாகக் கலந்த ஒல்லி கான்கிரீட் பூசி மூடி வைத்திருக்கவேண்டும், கொத்தனாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னொன்று, அப்போது நாலு படி ஏறிப் போன வீடு இது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இப்போது ஒரு படிதான் மிச்சம். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிற ஆட்களிடம் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன். அதனால் பேஸ்மட்டத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். டைல்ஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பேஸ்மட்டத்தை மாற்ற முடியாது.

அறைகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பழைய வீடுகளில் பட்டாசாலை என்று ஒன்று இருந்தது அல்லவா, அங்கே பகலில் நெல் கிடக்கும், ராத்திரி பத்துப் பேர் படுப்பார்கள், விசேஷம் வந்தால் பந்தி நடக்கும். இப்போது கட்டில் இன்ன இடம், பீரோ இன்ன இடம் என்று தாளில் குறித்துவிட்டு, அதைச் சுற்றிச் சுவர் வைக்கிறோம். பத்து வருஷத்தில் குடும்பம் மாறும்போது இடிக்க வேண்டியதாகிவிடுகிறது. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையைப் பாருங்கள், பிறகு அதில் வெள்ளைக்கார கலெக்டர்கள் குடியிருந்தார்கள், 1959-ல் அதுவே காந்தி மியூசியம் ஆனது. தடித்த சுவரும், இன்னதற்கு என்று பெயர் எழுதி ஒட்டாத பெரிய கூடங்களும் இருந்ததால் சாத்தியமானது. ஐந்து சென்ட்டில் அரண்மனை வராது, சரி. ஆனால் இரண்டு அறைகளை ஒரே அளவில் போடலாம், வயரைச் சுவருக்குள் புதைக்காமல் பைப்பில் வெளியே ஓட்டலாம்.

வெயிலுக்கு வருகிறேன். மதுரையில் சித்திரை பிறந்த கையோடு உச்சிவெயில் நேரே தலைக்கு மேல் வந்து, ஆடி முடியும்வரை கொஞ்சம் வடக்கே சாய்ந்தே இருக்கும். அதாவது நம் ஊரில் அடி வாங்குவது முதலில் கூரைதான், அப்புறம்தான் மேற்குச் சுவர். பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கு நம் மேல் இறக்கும். தளத்தின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கெட்டித்துத் தட்டோடு பதிப்பதும், ஒவ்வொரு மாசியிலும் வெள்ளையடிப்பதும் ஏசி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு, செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் காற்று இடைவெளி விட்டுக் கட்டுவது, மேற்குச் சுவருக்கு நல்லது. செங்கலிலும் ஏறக்குறைய கால்வாசி மிச்சமாகும். கல் ஒரே அளவாக இல்லாவிட்டால் கொத்தனார் முணுமுணுப்பார், கேட்டுக்கொள்ளுங்கள்.

பில்லர்தான் குழப்பமான விஷயம். பில்லர் வீட்டில் பாரம் தூணில் இறங்குவதால் உள்சுவரை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் கம்பியும் சிமெண்டும் கூடுதலாகத் தின்னும். உலகத்துக் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது என்பதால் இது சின்னக் கணக்கு இல்லை. சுவர் தாங்குகிற வீட்டுக்குச் சிமெண்ட் குறைவு, இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. மாற்றவும் வசதி, பூமிக்கும் நல்லது என்ற இரண்டும் எப்போதும் கைகோத்து வராது. கெட்டியான தரை என்றால் ஒரு மாடிக்கு நான் சுவர் தாங்கும் வீட்டைத்தான் சொல்வேன்.

ஆனால் திருமங்கலம் பக்கம் கரிசல் நிறைய. உங்கள் மனை மண் என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. கரிசல் என்றால் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், அதில் மண்கல் அறுக்க முடியாது, மேலாக வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிச் சுவர் எழுப்பினால் இரண்டாம் வருஷமே விரிசல் விடும். அப்போது தரைக்குள் ஆழமாகப் பைல் என்கிற கான்கிரீட் தூண்களை இறக்கி, அவற்றை பீமால் கட்டச் சொல்கிற பொறியாளரும் உங்கள் அப்பாவும் ஒரே கட்சி ஆகிவிடுவார்கள், நானும் சேர்ந்துகொள்வேன். செம்மண் என்றால் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல் நன்றாகவே நிற்கும். கரையான் அந்தச் சுவரைத் தின்னாது, அதன் வழியாக நிலைக்கதவுக்கு ஏறும், செங்கல் வீட்டிலும் அப்படித்தான். வானம் தோண்டும்போதே மருந்து அடிக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லுங்கள்.

தைக்கு அவசரப்படாமல் ஒரு கோடையைப் பொறுங்கள். பங்குனியில் மனையில் போய் நின்று, தரை பாளம் பாளமாக வெடித்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.