சாப்பாடு 100, சரித்திரம் 400

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், ஒரு சரித்திரப் பேராசிரியரைப் பாராட்டி நடக்கும் விருந்துக்கு 500 டாலர் கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கிறான். அமெரிக்காவின் ஆரம்ப காலத்தைப் பற்றி எழுதியவராம். அறிஞரைக் கௌரவிக்க ஒரு பொன்னாடை போதாதா? படிப்பை வைத்து வசூல் நடத்துவது அசிங்கமாக இல்லையா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: நம் ஊர் அறிஞர்கள் வீட்டு பீரோக்களில் எத்தனை பொன்னாடைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்திருக்கிறீர்களா?

உங்கள் மகனிடம் ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டின் மதிப்பு இவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள். 75 டாலருக்கு மேல் வாங்கினால் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். சாப்பாடு 100 டாலர் என்றால் மீதி 400-தான் நன்கொடை; வரிச் சலுகையும் அதற்கு மட்டும்தான். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பேராசிரியர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பழைய கடிதங்கள், ஆவணங்கள் என்று காகிதங்களைக் காப்பாற்றி வைப்பதற்காக வசூலிக்கிறார்கள்.

அந்தக் காகிதங்கள் லேசுப்பட்டவை அல்ல. பாஸ்டனில் 1791-இல் தொடங்கிய மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில், இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸும் மனைவி அபிகேலும் ஒருவருக்கொருவர் எழுதிய 1,100-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இருக்கின்றன. அது தனியார் சங்கம், அரசாங்க இலாகா அல்ல. நம்மிடம் எத்தனை கட்டு ஓலைகளும் காகிதங்களும் பரணிலேயே செல்லரித்துப் போயின? அதற்கெல்லாம் யாராவது விருந்து வைத்து வசூல் செய்திருந்தால் நான் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பேன்.

சரி, அசிங்கம் எங்கே வரும் என்றால், கொடுக்கிறவர் பதிலுக்கு என்ன கேட்கிறார் என்பதில்தான். இந்தக் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. 1718-இல் காட்டன் மாதர் என்ற பாஸ்டன் பாதிரியார், கனெக்டிகட்டில் பணமில்லாமல் தவித்த ஒரு கல்லூரிக்காக லண்டனுக்கு ஒரு கடிதம் போட்டார். இவரும் சரித்திர ஆசிரியர்தான். நியூ இங்கிலாந்தின் சமய வரலாற்றை 1702-லேயே பெரிய நூலாக வெளியிட்டவர். உங்கள் பெயரைக் கல்லூரிக்கு வைத்தால் அது எகிப்துப் பிரமிடைவிட மேலான நினைவுச் சின்னமாக இருக்கும் என்று ஆசை காட்டினார். கடிதம் போனது எலிஹு யேலுக்கு. நம் புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்து, சொந்த வியாபாரம் பார்த்த புகாரில் பதவி இழந்தவர். அவர் அனுப்பிய துணி மூட்டைகளும் சரக்கும் சுமார் 560 பவுண்டுக்கு விலை போயின. பெயர் நிலைத்துவிட்டது! அடிமை முறையோடு தனக்கிருந்த பழைய தொடர்புகளுக்காக யேல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2024-இல்தான். அந்தத் தொடர்புகளை அலசி அதே நேரத்தில் புத்தகமாக்கியவர் அங்கேயே வேலை பார்க்கும் சரித்திரப் பேராசிரியர், டேவிட் பிளைட்.

விருந்து என்றதும் எனக்கு மான்டிசெல்லோதான் நினைவுக்கு வருகிறது. வர்ஜீனியாவில் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் கட்டிய வீடு. சாப்பாட்டு அறைக் கணப்பின் இருபுறமும் சிறு கதவுகள். உள்ளே கீழிருந்து ஒயின் பாட்டில் ஏறி வரும் லிஃப்ட். இன்னொரு கதவு அப்படியே சுழலும். அதன் பின்பக்கத்து அலமாரியில் தட்டுகளை அடுக்கித் திருப்பிவிட்டால் சாப்பாடு உள்ளே வந்துவிடும். அதை அடுக்கிய அடிமைகளின் முகம் விருந்தாளி கண்ணில் படாது. கதவுக்குப் பின்னால் நின்ற ஹெமிங்ஸ் என்ற அடிமைக் குடும்பத்தைப் பெயர் பெயராக எழுதி, 2009-இல் புலிட்சர் பரிசு வாங்கினார் சரித்திர ஆசிரியை ஆனெட் கார்டன்-ரீட். அந்த வீட்டை நடத்தும் அறக்கட்டளையும் நன்கொடையில் பிழைப்பதுதான். ஆனாலும் அந்தக் குடும்பத்துப் பெண் சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு ஜெஃபர்சனே தகப்பனாக இருந்திருக்கக் கூடும் என்று 2000-இல் அறிக்கை வெளியிட்டது. கொடையாளிகளில் எத்தனை பேருக்கு அன்று சாப்பாடு இறங்கியதோ!

சாலியின் அண்ணன் ஜேம்ஸ், பாரிஸில் சமையல் கற்றவர். தம்பிக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்த பிறகுதான் 1796-இல் விடுதலை கிடைத்தது. கிளம்புமுன் சமையலறைப் பாத்திரங்களைத் தன் கையால் ஒரு பட்டியல் எழுதி வைத்தார். அந்தத் தாள் இன்றும் வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. அதற்கு அரசாங்கம் செலவு செய்கிறது. மற்ற பெட்டிகளுக்கு உங்கள் மகன் மாதிரி யாராவது டிக்கெட் வாங்கினால்தான் உண்டு.