கைதச்சக்கை ஏன் உறையவில்லை?

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு ஓவனில் வைக்கத் தேவையில்லாத அன்னாசிப் புட்டிங் ஒன்றை இணையத்தில் பார்த்துச் செய்தேன். டப்பாவில் வரும் அன்னாசிக்குப் பதில் எங்கள் தோட்டத்துக் கைதச்சக்கையை (அன்னாசியை எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம்) பச்சையாக நறுக்கிப் போட்டேன். மற்றதெல்லாம் குறிப்பில் சொன்ன அளவுதான். இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் இருந்தும் மோர்போல நின்றது. விருந்தினர் முன்னால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெள்ளைக்காரப் பலகாரம் நம் ஊருக்கு ஆகாது என்கிறார் மாமியார். இணையத்தில் எழுதுகிறவர்கள் பொய் சொல்லி ஏமாற்றுகிறார்களா?
— ஒரு வாசகி, குழித்துறை

பதில்: யாரும் ஏமாற்றவில்லை, சகோதரி. கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த குறிப்பை வரி வரியாகப் படித்தேன். அதில் நீங்கள் மாற்றியது ஒன்றே ஒன்று. புட்டிங்கைக் கரைத்ததும் அதுதான்.

கைதச்சக்கையை நிறையத் தின்றால் நாக்கு அரிக்கும், உதட்டோரம் எரியும். ரப்பர் கன்றுகளுக்கு நடுவே அது விளையும் உங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் இது தெரியும். அந்த அரிப்புக்குக் காரணங்களில் ஒன்று பழத்தில் இருக்கும் புரோமிலைன் என்ற நொதி. புரதத்தை வெட்டிச் சிதைப்பது அதன் வேலை. உங்கள் குறிப்பில் உறைய வைக்கும் பொருள் ஜெலட்டின். மாடு, பன்றி ஆகியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் அது முழுக்கப் புரதம். நீங்கள் கிளறிக்கொண்டிருந்தபோதே பழம் அதைத் தின்னத் தொடங்கிவிட்டது. இரவு முழுவதும் அல்ல, ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வைத்திருந்தாலும் உறைந்திருக்காது. டப்பா அன்னாசி அடைக்கும்போதே சூடாக்கப்படுவதால் அதில் நொதி செத்துவிடுகிறது. அதனால்தான் குறிப்பில் டப்பா என்று இருந்தது.

பதில் எழுதுவதற்கு முன் நானும் செய்து பார்த்தேன். இரண்டு கண்ணாடி டம்ளரில் ஒரே ஜெலட்டின் கரைசலை ஊற்றி, ஒன்றில் பச்சைத் துண்டையும் மற்றொன்றில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்த துண்டையும் போட்டேன். காலையில் வெந்த துண்டு கிடந்த டம்ளரைச் சாய்த்தால் அசையவில்லை. மற்றது விரலில் வழிந்தது.

குறிப்பை எழுதியவர்மேல் எனக்கு வேறொரு கோபம் உண்டு. டப்பா அன்னாசி என்று எழுதியவர், அது ஏன் டப்பாவாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கவில்லையே? வீட்டுத் தோட்டத்தில் பழுத்துக் கிடக்கும்போது எந்தப் பெண் கடையில் போய் டப்பா வாங்குவாள்? நீங்கள் செய்தது நல்ல சமையல்காரி செய்யக்கூடியதுதான். காரணம் சொல்லாத குறிப்பு பாதிக் குறிப்பு. நம் இதழின் சமையல் பக்கத்திலும் இந்தக் குறை இருந்திருக்கிறது. அடுத்த இதழிலிருந்து மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மாமியாரின் பேச்சுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் ஒரு பாதி சரி. மார்கழியிலும் பகலில் 30 டிகிரியைத் தொடும் ஊர் உங்களுடையது. ஜெலட்டின் அந்தச் சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். விருந்து வீட்டில் ஃபிரிட்ஜ் கதவு மூடியே இருப்பதும் இல்லை. ஆனால் உறைய வைக்கும் பலகாரமே நமக்கு ஆகாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கேரள எல்லையைத் தாண்டினால் கல்யாணப் பந்திகளில் இளநீர்ப் புட்டிங் உண்டு. ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் தட்டுகளில் கடற்பாசி என்ற இனிப்பு உண்டு. இரண்டையும் உறைய வைப்பது சைனா கிராஸ் என்று கடைகளில் கிடைக்கும் அகர்தான். அது கடல்பாசியிலிருந்து எடுப்பது, புரதம் அல்ல. ஒருமுறை உறைந்தால் 85 டிகிரி வரை இளகாது.

இந்த அகரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனதே ஒரு சமையலறைதான். 1881ஆம் ஆண்டு ஜெர்மனியில் நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே, நுண்ணுயிர் வளர்க்கும் ஜெலட்டின் வெயிலில் உருகிப் போவதைக் கண்டு தவித்தார். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸேதான் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். கோடையிலும் உருகாத ஜெல்லியை அவர் வீட்டில் அதை வைத்துத்தான் செய்துவந்தார். அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் முன்பு ஜாவாவில் வாழ்ந்திருந்த ஒரு டச்சுக்காரப் பக்கத்து வீட்டுப் பெண். வெயில் ஊரின் கைப்பக்குவம் இன்று உலகத்து ஆய்வுக்கூடங்களிலெல்லாம் இருக்கிறது. மாமியாரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

குறிப்பில் இன்னொரு இடறலும் இருக்கிறது. கிரீமை நுரைக்க அடிக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு 30 சதவீதமாவது கொழுப்பு வேண்டும். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பாக்கெட் கிரீம் 25 சதவீதம்தான். கை ஓயும்வரை அடித்தாலும் நுரைக்காது. பாக்கெட்டில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் கிரீமையே விட்டுவிடுங்கள்.

புத்தாண்டுக்கு மறுபடி செய்யுங்கள், ஆனால் இரண்டு நாள் முன்னதாகச் சின்னக் கிண்ணத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு. ஒரு லிட்டர் பாலுக்கு 10 கிராம் சைனா கிராஸ். அதைத் தனியாகத் தண்ணீரில் ஊறவைத்து, இழை ஒன்றுகூடத் தெரியாதபடி கொதிக்க வைத்துக் கரையுங்கள். சர்க்கரை சேர்த்த பாலும் சூடாக இருக்கட்டும். குளிர்ந்த பாலில் ஊற்றினால் அந்த நிமிடமே திரிதிரியாக உறைந்துவிடும்.

அகர் போட்டாலும் கைதச்சக்கையைப் பச்சையாகப் போடாதீர்கள். பாலிலும் புரதம் உண்டு, நொதி அதையும் வெட்டும். நேரமாக ஆகக் கசந்துவிடும். சர்க்கரையோடு அடுப்பில் வைத்துச் சாறு சுண்டும்வரை கிளறுங்கள். ஆறிய பிறகு ஒரு துண்டை நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் இருங்கள். அரிக்கவில்லை என்றால் பாலில் சேர்க்கலாம்.